வெட்டி விழுந்த துணிக்கைகள்



திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. தையற்கடைகளில் நள்ளிரவு வரை விளக்கு எரிகிற நாட்கள் இவை. பண்டிகைக்கான பாவாடைகளும் சட்டைகளும் ரவிக்கைகளும் தைத்து முடிகையில், இயந்திரத்தின் அடியில் ஒரு சிறு குவியல் மிஞ்சும். பட்டின் ஓரத்துண்டு, பூப்போட்ட பருத்தியின் மூலைத்துண்டு, நான்கு விரற்கடை ரிப்பன், அரை முழம் சரிகை, லேஸின் வால். காலையில் துடைப்பம் அவற்றைத் தெருவுக்குத் தள்ளிவிடும். நம்முடைய பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இவ்வாண்டு அந்தக் குவியலைச் சேகரித்து, சிறு நட்சத்திரங்களும் மணிகளும் இதயங்களுமாகத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, ஆலயத்தின் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடத் தீர்மானித்திருக்கிறார்கள். அதை முன்னிட்டு, மிஞ்சிய துணிக்கும் ஊசிக்கும் உள்ள உறவின் வரலாற்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் 'துணித்தல்' என்றால் வெட்டுதல். நெய்த பாவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதால்தான் அது 'துணி'. ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின் சீஷர்கள் பன்னிரண்டு கூடைகளில் சேர்த்த அப்பத்தின் மீதியையும் நம்முடைய தமிழ் வேதாகமம் 'துணிக்கைகள்' என்றே அழைக்கிறது. அப்பத்திற்கும் ஆடைக்கும் ஒரே வேர். வெட்டுண்டதையும் மிஞ்சியதையும் என்ன செய்வது என்பதே இந்த வரலாற்றின் கேள்வி.

நம் கரையிலிருந்து போன துணி

துண்டுகளை இணைத்துத் தைப்பது வறியவர்களின் குடிசையில் பிறந்த வழக்கம் என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் இங்கிலாந்தில் இன்றுவரை காக்கப்பட்டிருக்கும் மிகப் பழமையான துண்டுத் தையல்களுள் ஒன்று, லெவன்ஸ் ஹால் என்னும் பிரபுக்கள் மாளிகையில் இருக்கிறது. ஏறக்குறைய 1708ஆம் ஆண்டில் அது தைக்கப்பட்டது. அதில் இருப்பது இந்தியாவிலிருந்து சென்ற சீட்டித் துணி.

அக்காலத்தில் ஐரோப்பாவை மயக்கிய சீட்டித் துணிகளுள் மிகச் சிறந்தவை நம்முடைய சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறின. சாயவேரிலிருந்து இறக்கிய சிவப்பும், அவுரியின் நீலமும், எழுதுகோலால் வரைந்த கொடிகளும் பூக்களுமாக வந்த அத்துணிகளின் நிறம், எத்தனை முறை துவைத்தாலும் போகவில்லை. இங்கிலாந்தின் பட்டு நெசவாளரும் கம்பளி நெசவாளரும் தங்கள் பிழைப்புப் போயிற்று என்று கலகம் செய்தார்கள். 1700ஆம் ஆண்டின் சட்டம் இத்தகைய அச்சுத் துணிகளை உள்நாட்டு உபயோகத்திற்காக இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721ஆம் ஆண்டின் சட்டம் அவற்றை உடுத்துவதையே குற்றமாக்கியது. அத்தடை 1774 வரை நீடித்தது.

கிடைக்காத பொருளின் துண்டுக்கும் மதிப்பு உண்டல்லவா? முன்னரே வாங்கிய சீட்டித் துணி பெட்டியில் இருந்தால், அதில் ஒரு விரற்கடையைக்கூட வீசிவிட எவருக்கு மனம் வரும்? ஆகவே துணிக்கையைக் காக்கும் பழக்கம் அன்று மாளிகைகளிலும் இருந்தது. பிற்பாடு லங்காஷயரின் ஆலைகள் பருத்தித் துணியை மலிவாக அச்சிட்டுத் தள்ளத் தொடங்கின. நூறாண்டுக்குள் பூத்துணி எளியோருக்கும் எட்டியது. அதன் வெட்டுத்துண்டுகளோ வியாபாரிகளின் கிடங்குகளில் குவிந்தன. அந்தக் குவியல் சென்று சேர்ந்த ஓரிடம், லண்டன் மாநகரின் நியூகேட் சிறைச்சாலை.

நியூகேட்டின் பெண்கள்

எலிசபெத் ஃப்ரை 1780இல் பிறந்தவர்; குவேக்கர் சபையைச் சேர்ந்தவர்; பல பிள்ளைகளின் தாய். 1813இல் அவர் முதன்முறையாக நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் நுழைந்தார். ஏறக்குறைய முந்நூறு பெண்களும் பிள்ளைகளும் சில அறைகளுக்குள் அடைபட்டு, அங்கேயே சமைத்து, துவைத்து, வெறுந்தரையில் உறங்கிக்கொண்டிருந்தார்கள். விசாரணைக்குக் காத்திருந்தவளும் தூக்குத் தண்டனை பெற்றவளும் ஒரே இடத்தில் இருந்தார்கள். 1817இல் ஃப்ரை தம் தோழியரைச் சேர்த்து ஒரு சங்கத்தை உருவாக்கி, சிறையினுள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் பெண்களுக்குத் தையல் வேலையும் ஏற்படுத்தினார்.

அதிகாரிகளுக்கு நம்பிக்கை இல்லை. கொடுக்கிற துணியைத் திருடிவிடுவார்கள், அல்லது கிழித்துவிடுவார்கள் என்றார்கள். அவர்கள் அஞ்சியது நடக்கவில்லை. பெண்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து, தங்களுக்குள் ஒருத்தியை மேற்பார்வைக்குத் தெரிந்துகொண்டு, வேலைக்கு அமர்ந்தார்கள். ஒருவர் வேதத்தை வாசிக்க, மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்டார்கள்.

அந்நாட்களில் தண்டனை பெற்ற பெண்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். புறப்படும் முந்தின இரவு சிறையே அமளிப்படும், சன்னல்கள் நொறுங்கும். மறுநாள் அவர்களைத் திறந்த வண்டிகளில் ஏற்றி, வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் ஏளனத்தினூடே துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். ஃப்ரை இதை மாற்றினார். மூடிய வண்டிகள் வேண்டுமென்று கேட்டு வாங்கினார். தாமே உடன் சென்று, கப்பல் ஏறும்வரை அவர்களோடு இருந்தார். 1818இல் மரியா என்னும் கப்பல் புறப்பட்டபோது ஒரு புதிய கேள்வி எழுந்தது. மாதக்கணக்கில் நடுக்கடலில் இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?

அதற்குக் கிடைத்த விடைதான் துணிக்கைகள். லண்டனில் இருந்த பருத்தித் துணி வியாபாரிகளிடம் வெட்டுத்துண்டுகளைக் கேட்டார்கள். வேண்டிய அளவு கிடைத்தது. அது எத்தனை பொருத்தமான விடை என்பதை யோசித்துப் பாருங்கள். துண்டுத் தையலுக்குப் பெரிய மேசை வேண்டாம், மடி போதும். அலை தூக்கிப் போட்டாலும் கையிலிருப்பது உள்ளங்கை அகலத் துணிதான். கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். கைதேற ஒரு பயணம் முழுவதும் இருக்கிறது. இறங்குகிற ஊரில் அதை விற்கவும் செய்யலாம். ஒரு கப்பலின் பெண்கள் வழியில் ரியோ டி ஜெனீரோவில் தங்கள் போர்வைகளை ஒவ்வொன்றும் ஒரு கினி விலைக்கு விற்றதாகச் செய்தி உண்டு.

பிற்பாடு ஃப்ரையின் சங்கத்தார் ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுத்த பையில் என்னென்ன இருந்தன என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு வேதாகமம். நூறு ஊசிகள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, நீல நூலுருண்டைகள். இருபத்துநான்கு வண்ண நூற்கண்டுகள். ஒரு விரற்கூடு. ஒரு கத்தரிக்கோல். இரண்டு பவுண்டு எடையுள்ள துணித்துண்டுகள். பார்வை மங்கியவர்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று வாசியுங்கள். குற்றவாளிகள் என்று நாடே தள்ளிவிட்ட பெண்களின் கையில், நடுக்கடலில், கூர்மையான கத்தரிக்கோல்! துணித்துண்டுகளை மட்டும் கொடுத்திருந்தால் அது தானம். ஊசியையும் கத்தரிக்கோலையும் சேர்த்துக் கொடுத்தபோது அது நம்பிக்கை. கண் தெரியாதவளுக்குக் கண்ணாடியும் வைத்தபோது, ஒவ்வொருத்தியையும் தனித்தனியே யாரோ நினைத்திருக்கிறார்கள் என்று விளங்குகிறது.

ராஜா என்னும் கப்பல்

1841 ஏப்ரல் 5 அன்று, 180 பெண் கைதிகளோடு 'ராஜா' என்னும் கப்பல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. இன்று டாஸ்மேனியா என்று அழைக்கப்படும் தீவிலுள்ள ஹோபார்ட் துறைமுகத்தை ஜூலை 19 அன்று அடைந்தது. பதினைந்து வாரப் பயணம். கெசியா ஹெய்டர் என்னும் இளம்பெண், ஃப்ரையின் சங்கத்தாருடைய வேண்டுகோளின்படி, அந்தப் பெண்களின் பொறுப்பாளராக உடன் சென்றார்.

அப்பயணத்தில் உருவான ஒரு பெரிய விரிப்பு இன்று ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஏறக்குறைய பதினோரு அடிச் சதுரம். அதில் 2,815 துண்டுகள். நடுவில், சீட்டித் துணியிலிருந்து பறவைகளையும் பூக்களையும் உருவோடு வெட்டி, வெண்துணியின்மேல் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிச் சுற்றி அச்சுத் துணித் துண்டுகளின் வரிசைகள். கலைக்கூடத்தார் கவனித்துச் சொல்லுகிற ஒன்று: சில இடங்களில் தையல் மிக நேர்த்தி, சில இடங்களில் தடுமாற்றம். தேர்ந்த கையும், அப்போதுதான் ஊசி பிடித்த கையும் ஒரே துணியில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

விரிப்பின் ஓரத்தில் நுண்ணிய எழுத்துகளில் ஒரு வாசகம் தைக்கப்பட்டிருக்கிறது. அது சங்கத்துச் சீமாட்டிகளுக்கு நன்றி கூறுகிறது. உழைப்பைக் குறித்து அவர்கள் சொன்ன புத்தியைத் தாங்கள் மறக்கவில்லை என்பதற்கு இந்த வேலை சாட்சி என்கிறது. 1841 ஜூன் என்று நாளிடுகிறது. ஹோபார்ட்டில் ஆளுநரின் மனைவி ஜேன் ஃப்ராங்க்ளினிடம் அது ஒப்படைக்கப்பட்டது. பின்பு அது பிரித்தானியாவுக்குத் திரும்பிச் சென்று, நெடுங்காலம் மறைந்திருந்து, 1980களில் ஸ்காட்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது. கைதிக் கப்பல்களில் எத்தனையோ போர்வைகள் தைக்கப்பட்டும், இன்று நமக்குத் தெரிந்து எஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள்.

அன்பானவர்களே, இந்த வரலாற்றை இனிப்பாக மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் செய்த குற்றம் திருட்டு. அதற்காக வீட்டையும் உறவையும் விட்டு உலகத்தின் மறுகோடிக்குத் தள்ளப்பட்டார்கள். அந்தத் தண்டனையைத் துணிக்கைகள் தடுக்கவில்லை. ஹோபார்ட்டில் அவர்களுக்குக் காத்திருந்தது கடினமான ஊழியமே. இன்னொன்றும் உண்டு. விரிப்பின் வாசகம் சீமாட்டிகளை நினைவுகூருகிறது. தைத்தவர்களைக் 'கைதிகள்' என்று மாத்திரம் சொல்லுகிறது. 2,815 துண்டுகளில் ஒன்றிலும் தைத்த பெண்ணின் பெயர் இல்லை. கொடுத்தவர்களின் மேன்மை எழுதப்பட்டது. செய்தவர்களின் பெயர் விடப்பட்டது. சபையின் தர்ம காரியங்களில் நாமும் எத்தனை முறை இப்படிச் செய்கிறோம்!

ஐந்து டாலருக்குப் போன வேதாகமம்

அதே நூற்றாண்டில், கடலுக்கு அப்பால், பெயர் நிலைத்த ஒரு பெண்ணைப் பாருங்கள். ஹாரியட் பவர்ஸ் 1837இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தார். உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்று, கணவரோடு சிறு நிலத்தில் பயிர்செய்து வாழ்ந்தார். 1886இல் ஏதென்ஸ் என்னும் ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அவர் தைத்த ஒரு கில்ட் போர்வை வைக்கப்பட்டது. பதினொரு கட்டங்களில் வேத சரித்திரம்: ஏதேனில் ஆதாமும் ஏவாளும், காயீனும் ஆபேலும், யாக்கோபின் சொப்பனம், இயேசுவின் ஞானஸ்நானம், கடைசி இராப்போஜனம், சிலுவை, இறுதியில், பாலகன் இயேசுவோடு பரிசுத்த குடும்பம். துணியில் மனிதரையும் மிருகங்களையும் நட்சத்திரங்களையும் வெட்டியெடுத்து, பின்னணியின்மேல் வைத்துத் தைத்த ஒட்டுவேலை அது.

ஜென்னி ஸ்மித் என்னும் ஓவிய ஆசிரியை அதை விலைக்குக் கேட்டார். ஹாரியட் கொடுக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து, கஷ்டம் நெருக்கியபோது, அவரே அதை விற்க வந்தார். பத்து டாலர் கேட்டார், ஐந்துதான் கிடைத்தது. கணவரோடு கலந்து பேசி அந்த ஐந்தைப் பெற்றுக்கொண்டார். கொடுத்துவிட்டுப் போவதற்கு முன் ஒவ்வொரு கட்டத்தின் பொருளையும் விளக்கிச் சொன்னார்; ஸ்மித் அதை எழுதி வைத்தார். பிற்பாடு தம் போர்வையைப் பார்ப்பதற்காகவே ஹாரியட் பலமுறை அவ்வீட்டுக்கு வந்தார் என்றும் ஸ்மித் எழுதியிருக்கிறார். அந்த இழப்பில் அவருக்குக் கொஞ்சமேனும் ஆறுதல் தந்தது எது தெரியுமா? தம்மிடம் மிஞ்சும் துணித்துண்டுகளையெல்லாம் அவருக்காகச் சேர்த்து வைப்பதாக ஸ்மித் கொடுத்த வாக்கு.

பெற்ற பிள்ளையைப் போன்ற ஒரு படைப்பைப் பிரிந்தவள், பணத்தில் ஆறுதல் அடையவில்லை. இன்னும் தைக்கலாம் என்பதில் ஆறுதல் அடைந்தாள். பின்பு, 1890களில், பதினைந்து கட்டங்கள் கொண்ட இன்னொரு போர்வையையும் அவர் செய்தார். முதற்போர்வை இன்று வாஷிங்டன் நகரில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது பாஸ்டன் நகரின் கலை அருங்காட்சியகத்தில். ராஜா கப்பலின் பெண்களைப் போல அவர் பெயரற்றவராய்ப் போகாததற்குக் காரணம் எளிது. ஒருவர் அவரிடம் கேட்டார்; கேட்டதை எழுதி வைத்தார்.

மரத்தில் தொங்கும் சிறு நட்சத்திரம்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் கிறிஸ்துமஸ் மரம் வீட்டுக்கு வீடு பரவியதும் இதே காலத்தில்தான். விக்டோரியா மகாராணியின் குடும்பம் மரத்தைச் சூழ்ந்து நிற்கும் படத்தை லண்டன் பத்திரிகை ஒன்று 1848இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே படம் சிறு மாற்றங்களோடு அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையிலும் வந்தது. ஜெர்மனியின் கண்ணாடிக் குண்டுகள் கடைகளில் மலிவாகக் குவிவதற்கு முன், மரத்தில் தொங்கியவை பெரும்பாலும் வீட்டில் செய்தவையே: காகிதப் பூக்கள், கொட்டைகள், மிட்டாய் நிரப்பிய சிறு துணிப்பைகள். 1880களில் பட்டுத் துண்டுகளை ஒழுங்கற்ற வடிவங்களில் இணைத்துத் தைக்கும் மோகம் அமெரிக்காவில் எழுந்தபோது, பட்டாலைகள் மிஞ்சிய துண்டுகளைப் பொட்டலம் கட்டி விற்கும் அளவுக்கு அவற்றிற்குக் கிராக்கி இருந்தது.

சிறு அலங்காரம் ஒன்றைச் செய்யும் முறை அந்நாளைய போர்வையின் முறையே; அளவு மாத்திரம் சிறியது. பழைய தாளில் அறுகோணம் ஒன்றை வெட்டுங்கள். துணியை அதைவிடக் கால் அங்குலம் பெரிதாக வெட்டி, தாளின்மேல் ஓரங்களை மடித்துக் கச்சாத் தையல் போடுங்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு வைத்து, விளிம்புகளை நுண்ணிய தையலால் இணைத்தால் ஒரு பூ கிடைக்கும். பின்பு கச்சா நூலையும் தாளையும் உருவிவிட்டு, அடியில் ஒரு துணியும் நடுவில் மெல்லிய பஞ்சும் வைத்து, மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் இடுங்கள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றும் ஒரே நூலால் பிணைக்கப்படுவதே கில்ட். ஓரத்துக்குச் சரிகை, தொங்கவிட ரிப்பன். வேலை முடியாமல் நின்றுபோன பழைய போர்வைகள் சிலவற்றில் அந்தத் தாள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அவை கடிதங்களிலிருந்தும் பிள்ளைகளின் பயிற்சி ஏடுகளிலிருந்தும் வெட்டப்பட்டவை. மேலே அழகான துணி. உள்ளே ஒருவருடைய வாழ்க்கையின் எழுத்து.

நமக்கு என்ன?

மிஞ்சியதைக் கொடுப்பது வேறு. மிஞ்சியதைச் சேர்ப்பது வேறு. நமக்கு வேண்டாததைப் பிறருக்குத் தள்ளிவிடுவதை மல்கியா தீர்க்கதரிசி கடுமையாய்க் கண்டித்தார். ஊனமானதையும் நோயுற்றதையும் பலிபீடத்துக்குக் கொண்டுவந்தவர்களிடம் அவர் பேசிய வார்த்தைகளை அறிவீர்கள். ஆனால் நம்முடைய ஆண்டவர் துணிக்கைகளைச் சேர்க்கச் சொன்னபோது, அவற்றை இழிவாக எண்ணவில்லை. முழு அப்பத்தை ஆசீர்வதித்த அதே கரம் பிட்ட துண்டுகள் அல்லவா அவை? அவற்றில் ஒன்றும் வீணாகக் கூடாது என்றே அவர் விரும்பினார்.

பண்டிகை நெருங்கும்போது நாம் ஏழைகளுக்கு உடை கொடுக்கிறோம், உணவு கொடுக்கிறோம், நல்லது. ஆனால் அவர்கள் கையில் ஊசியைக் கொடுக்கிறோமா? நம் சபையிலேயே கணவரை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சிறை சென்று திரும்பிய மகனை உடைய தாய் இருக்கிறாள். முதிர்ந்த வயதில் கடைசி வரிசையில் தனியே அமர்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் வழக்கமாகப் பெறுகிறவர்களின் பட்டியலில் வைக்கிறோம். செய்கிறவர்களின் பட்டியலில் அவர்கள் பெயர் உண்டா? யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது, விதவைகள் அவள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டி அழுதார்கள். தையலின் பின்னே இருந்த கையை அவர்கள் மறக்கவில்லை.

ஆகவே, வருகிற சனிக்கிழமை மாலை ஆலய மண்டபத்தில் கூடும்போது நான்கு காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் வீட்டு வெட்டுத்துண்டுகளோடு நல்ல கத்தரிக்கோலையும் ஊசியையும் கொண்டுவாருங்கள். மங்கின கண்ணுடையவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கப் பிள்ளைகளை அழைத்துவாருங்கள். தைக்கத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று அருகருகே அமருங்கள்; தடுமாறிய தையலைப் பிரித்துப் போடாதீர்கள், அது அந்தக் கையின் சாட்சி. முடித்த ஒவ்வொரு நட்சத்திரத்தின் பின்புறத்திலும், அதைச் செய்தவரின் பெயரை நூலாலாவது மையாலாவது எழுதுங்கள். விற்பனைக்கு வைக்கும்போது வாங்குகிறவர் அந்தப் பெயரை வாசிக்கட்டும்.

பெத்லகேமில் பிறந்த பாலகனுக்கு அரண்மனைத் தொட்டில் இல்லை. தாய் அவரைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்தினாள் என்று லூக்கா எழுதுகிறார். முதலாம் கிறிஸ்துமஸின் துணி அதுவே. உலகத்தின் இரட்சகர் அதற்குள் இருந்தார்.

ஜெபிப்போம்.

எங்கள் பரம பிதாவே, உலகம் வெட்டித் தள்ளினவற்றை உமது கரத்தில் எடுத்துச் சேர்க்கிறவரே, உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எங்கள் நடுவில் மறக்கப்பட்டவர்களின் பெயர்களை நாங்கள் அறிந்து சொல்லவும், எங்கள் கையில் மிஞ்சியதை நம்பிக்கையோடு பகிரவும் கிருபை தாரும். இந்தப் பண்டிகை நாட்களில் ஊசி பிடிக்கும் ஒவ்வொரு கரத்தையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.